வெற்றி பெற்ற தீர்ப்பும் வாதிட ஆளில்லாத நீதிமன்றங்களும்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஜோர்டன்டன் என்னும் சிற்றூரின் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கொன்று விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் கால் துண்டிக்கப்பட்ட ஒரு மெக்சிக்க அமெரிக்கப் பெண். அவருக்காக வாதிட வந்தவர் சான் அன்டோனியோ நகரின் வழக்கறிஞர் பீட் டிஹெரினா. அவ்வட்டாரத்தில் மெக்சிக்க வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். எனினும் ஜூரிக்கு அழைக்கப்பட்டோர் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. டிஹெரினா எதிர்ப்புத் தெரிவித்தார், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்து வந்த பட்டியலில் மெக்சிக்கப் பெயர்கள் இரண்டு இருந்தன. ஒருவர் முன்பே இறந்துபோனவர். மற்றவர் ஜூரியில் அமரும் தகுதியில்லாதவர். இறுதியில் டிஹெரினா அவ்வழக்கைச் சமரசத்தில் முடித்துக்கொள்ள நேர்ந்தது.

இந்தியாவில் ஜூரி முறை வழக்கொழிந்து அரை நூற்றாண்டாகிவிட்டதால், அதன் முக்கியத்துவம் நமக்கு எளிதில் புலப்படாது. அமெரிக்காவில் கொலை வழக்கு மட்டுமன்றி இழப்பீட்டு வழக்கிலும் உண்மை எது, இழப்பு எவ்வளவு என்று முடிவு செய்வோர் பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் அந்த ஜூரியினரே. அவர்களுள் தம்மவர் ஒருவரும் இல்லாத சமூகம், நீதிமன்றத்தில் எப்போதும் மனுதாரராகவே நிற்கும். தீர்ப்புக் கூறும் இடத்தில் ஒருபோதும் அமராது.

இச்செய்தியில் வியப்புக்குரியது வேறொன்று. மெக்சிக்க வம்சாவளியினரை ஜூரியிலிருந்து விலக்கிவைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு எழுந்ததும் இதே டெக்சஸ் மாநிலத்து வழக்கொன்றில்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தத் தீர்ப்பு ஜோர்டன்டன் வரை வந்து சேரவில்லை. ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்விக்கு விடை தேடிச் சென்றால், சட்டம் பயிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வழக்கறிஞர்களை உருவாக்கும் ஒரு முயற்சியின் வரலாற்றுக்கு வந்து சேர்கிறோம்.

முதலில் பின்னணி. 1846இல் தொடங்கிய போரில் தோற்ற மெக்சிகோ, 1848ஆம் ஆண்டின் குவாடலூப் ஹிடால்கோ உடன்படிக்கையின்படி தன் வடபகுதிகளை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கேயே தங்கிவிட்ட மெக்சிக்கர்கள் அமெரிக்கக் குடிமக்களாயினர். குடியுரிமை வெள்ளையருக்கே உரியதாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர்கள் 'வெள்ளையர்' ஆயினர். நடைமுறையிலோ தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு, உணவகத்தில் இடமறுப்பு என்பதே அவர்கள் கண்ட வாழ்வு. ஏட்டில் வெள்ளையராகவும் தெருவில் வேற்றாராகவும் இருந்த இந்த நிலை, பின்னாளில் அவர்களுக்கு எதிரான கூர்மையான சட்ட வாதமாக மாறியது. பிற்காலத்தில் போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய அமெரிக்க நாடுகள் முதலியவற்றிலிருந்து வந்தோரையும் சேர்த்து 'லத்தீனோ' என்னும் பொதுப்பெயர் பரவியது.

இவர்களுடைய உரிமைப் போராட்டம் நீதிமன்றத்தில் பெற்ற முதற்பெரும் வெற்றிகளுள் ஒன்று கலிஃபோர்னியாவில் கிடைத்தது. ஆரஞ்சு மாவட்டத்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் தம் பிள்ளைகளை 'மெக்சிக்கப் பள்ளி'க்குத் திருப்பி அனுப்பியதை எதிர்த்து, கொன்சாலோ மெண்டெஸ் உள்ளிட்ட ஐந்து குடும்பத் தலைவர்கள் 1945இல் வழக்குத் தொடுத்தனர். 1946இல் கூட்டரசு நீதிமன்றமும், 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. அதே ஆண்டு கலிஃபோர்னியா தன் சட்டப்புத்தகத்தில் எஞ்சியிருந்த பள்ளிப் பிரிவினை விதிகளை நீக்கியது. அச்சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநரின் பெயர் எர்ல் வாரன். அவர் பெயர் மீண்டும் வரும். அவ்வழக்கை நடத்திய வழக்கறிஞர் டேவிட் மார்கஸ் மெக்சிக்க வம்சாவளியினர் அல்லர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

இரண்டாம் வழக்கு டெக்சஸைச் சேர்ந்தது. ஜாக்சன் மாவட்டத்தின் எட்னா நகரில், பண்ணைத் தொழிலாளி பீட் ஹெர்னாண்டஸ் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். அம்மாவட்டத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மெக்சிக்க வம்சாவளியினர். ஆயினும் முந்தைய 25 ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர்கூட ஜூரியில் அமர்ந்ததில்லை. அரசுத் தரப்பே இதை ஒப்புக்கொண்டது. மாநில நீதிமன்றம் சொன்ன விடைதான் விந்தையானது: மெக்சிக்கர்கள் வெள்ளையர்கள்; ஜூரியினரும் வெள்ளையர்கள்; ஆகவே பாகுபாடு எங்கே? இதற்கு மறுமொழி நீதிமன்றக் கட்டடத்திலேயே இருந்தது. அங்கு ஆண்களுக்கான கழிப்பறைகள் இரண்டு. ஒன்றில் பலகை ஏதும் இல்லை. மற்றொன்றில் கறுப்பினத்தாருக்கு என்று ஆங்கிலத்திலும், ஆண்கள் இங்கே என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது.

கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் டி ஆண்டா ஆகிய வழக்கறிஞர்கள் இவ்வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 1929இல் தோன்றிய லூலாக் சங்கமும், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய மெக்சிக்க அமெரிக்க வீரர்கள் 1948இல் அமைத்த ஜி.ஐ. ஃபோரமும் அவர்களுக்குத் துணை நின்றன. 1954 ஜனவரியில் கார்சியாவும் கடேனாவும் வாதிட்டனர். அந்நீதிமன்றத்தின் முன் நின்று வாதிட்ட முதல் மெக்சிக்க அமெரிக்க வழக்கறிஞர்கள் அவர்களே. மே 3 அன்று தீர்ப்பு ஒருமனதாக வந்தது. எழுதியவர், அப்போது தலைமை நீதிபதியாக இருந்த அதே எர்ல் வாரன். கறுப்பர், வெள்ளையர் என்னும் இரு பிரிவுகளுக்கு அப்பாலும், ஒரு சமூகம் தனிப்பிரிவாக நடத்தப்படுமாயின் சமப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த புகழ்பெற்ற பிரௌன் வழக்கின் தீர்ப்பு வெளிவந்தது அதற்கு இரண்டு வாரங்கள் கழித்து. அந்தப் பேரொளியில் ஹெர்னாண்டஸ் தீர்ப்பு பலர் கண்ணில் படாமல் போயிற்று. ஹெர்னாண்டஸ் மறுவிசாரணையில் மீண்டும் தண்டனை பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். வென்றது அவர் அல்லர், ஒரு கோட்பாடு.

அந்தக் கோட்பாட்டை ஒவ்வோர் ஊர் நீதிமன்றத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டியவர் யார்? உச்ச நீதிமன்றம் காவலரை அனுப்பி ஜூரிப் பட்டியல்களைத் திருத்துவதில்லை. ஊர்தோறும் ஒரு வழக்கறிஞர் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டுக்கணக்கான பெயர்களை எண்ண வேண்டும். எதிர்ப்பு மனு எழுத வேண்டும். உள்ளூர் நீதிபதியின் பகையைத் தாங்க வேண்டும். அதற்குக் கூலியும் எதிர்பார்க்கக் கூடாது. அத்தகைய மெக்சிக்க அமெரிக்க வழக்கறிஞர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தனர். இருந்தவர்களும் நிலப்பத்திரம், விபத்து வழக்கு என்று தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே இடைப்பட்ட நேரத்தில் உரிமை வழக்குகளை நடத்தினர். 1966இல் டிஹெரினா கண்ட வெற்றுப் பட்டியலின் காரணம் இதுவே.

லூலாக்கின் டெக்சஸ் குடிமை உரிமைப் பொறுப்பாளராகவும் இருந்த டிஹெரினா, கறுப்பின மக்களுக்காக வழக்காடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தை நாடினார். தர்குட் மார்ஷல் 1940இல் தொடங்கிய அமைப்பு அது. அப்போது அதன் தலைவர் ஜாக் கிரீன்பெர்க். அவர் ஃபோர்டு அறக்கட்டளைக்கு வழிகாட்டினார். 1968இல் அவ்வறக்கட்டளை ஐந்தாண்டுகளுக்கு 22 இலட்சம் டாலர் வழங்க, சான் அன்டோனியோவில் மெக்சிக்க அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியம் உருவாயிற்று. சுருக்கமாக மால்டெஃப் என்பர். அந்த 22 இலட்சத்தில் 2.5 இலட்சம் டாலர் வழக்குகளுக்கன்று. மெக்சிக்க அமெரிக்கச் சட்ட மாணவர்களின் உதவித்தொகைக்கென்றே ஒதுக்கப்பட்டது. வழக்குத் தொடுக்க வந்த அமைப்பு, ஒன்பதில் ஒரு பங்குப் பணத்தை இன்னும் வழக்கறிஞராகாதவர்கள்மீது செலவிட முன்வந்தது. ஹெர்னாண்டஸ் தீர்ப்புக்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்த பாடம் அந்த ஒதுக்கீட்டில் தெரிகிறது.

இவ்வழிமுறைக்கு முன்மாதிரி கறுப்பின இயக்கத்திடம் இருந்தது. 1963இல் சட்டப் பாதுகாப்பு நிதியம் ஜூலியஸ் சேம்பர்ஸ் என்னும் இளைஞரைத் தன் முதற் பயிற்சி வழக்கறிஞராகச் சேர்த்தது. அடுத்த ஆண்டு அவர் வட கரோலினாவின் சார்லட் நகருக்குச் சென்று சொந்த அலுவலகம் தொடங்கினார். அவர் அங்கிருந்து தொடுத்த ஸ்வான் வழக்கில்தான், பள்ளிகளில் நிறப் பிரிவினையைக் களைய மாணவரைப் பேருந்துகளில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. தலைநகரிலோ நியூயார்க்கிலோ இருக்கும் நிபுணர், ஊரில் வேரூன்றிய இளைஞருக்கு ஓராண்டு தொழில் கற்பித்து அனுப்பினால், அவர் முப்பது ஆண்டுகள் அங்கே வழக்காடுவார். கறுப்பின மாணவர்களுக்காக 1972இல் அந்நிதியம் தொடங்கிய சட்டக் கல்வித் திட்டத்துக்கு வைத்த பெயர் எர்ல் வாரன் என்பதும் பொருத்தமே.

உதவித்தொகை ஏன் இன்றியமையாதது என்பதை அறிய, அமெரிக்கச் சட்டக் கல்வியின் அமைப்பை அறிய வேண்டும். அங்கே சட்டம் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு படிக்கும் படிப்பு. கட்டணம் மிகுதி, பெரும்பாலோர் கடன் வாங்கியே படிக்கின்றனர். முதலிரு கோடை விடுமுறைகளில் செய்யும் பயிற்சிப்பணியே பின்னாளைய வேலையைத் தீர்மானிக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்கள் கோடைக்கால மாணவருக்குக் கைநிறையக் கொடுக்கும். உரிமை அமைப்புகளிடம் கொடுக்கப் பணம் இராது. ஊதியமற்ற பயிற்சியை ஏற்கக்கூடியவர் பெற்றோர் வசதியுள்ளவரே. ஆகவே பண்ணைத் தொழிலாளியின் பிள்ளை, தன் சமூகத்தின் வழக்கைத் தானே கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பணமின்மையால் இழக்கிறது. கோடைக்கால உதவித்தொகையும், படிப்பு முடிந்தபின் ஓரிரண்டு ஆண்டு ஊதியம் தரும் ஃபெலோஷிப்பும் இந்த இடைவெளியை அடைப்பவை. பெறுபவர் செய்யும் பணியில் ஆரவாரம் குறைவு: ஆவணங்களைப் படித்தல், ஸ்பானிய மொழியில் சாட்சிகளிடம் பேசுதல், முன்தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெழுதுதல்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பொதுப்பணமும் இதே திசையில் பாய்ந்தது. வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாக, இளம் வழக்கறிஞர்களை ஏழைகளின் சட்ட உதவி மையங்களுக்கு அனுப்பும் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித் ஃபெலோஷிப் 1967இல் தொடங்கியது. சிறுபான்மை மாணவரையும் ஏழை மாணவரையும் சட்டக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் கிளியோ திட்டம் 1968இல் வந்தது. கலிஃபோர்னியாவில் 1966இல் அமைந்த ஊரகச் சட்ட உதவி அமைப்பு இளம் வழக்கறிஞர்களை வயல்வெளி ஊர்களில் அமர்த்தியது. அவர்கள் எடுத்த வழக்குகளுள் ஒன்று குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்தைப் பற்றியது. அதைப் பிடித்து வேலை செய்பவர் நாள் முழுதும் இடுப்பை வளைத்தே நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்பவர் வேலை செய்யவில்லை என்று கங்காணி தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். முதுகெலும்போ சில ஆண்டுகளில் கெட்டுவிடும். மருத்துவச் சாட்சியங்களோடு தொடுத்த வழக்கில், 1975இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது, அக்கருவி தடைசெய்யப்பட்டது. அந்த அமைப்பை 1968 முதல் வழிநடத்திய குரூஸ் ரெய்னோசோ, பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து ஆரஞ்சு மாவட்டத்தில் வளர்ந்தவர். 1982இல் அவர் அதே மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் லத்தீனோ நீதிபதி ஆனார்.

மால்டெஃபின் தொடக்கம் இவ்வளவு சீராக இல்லை. அலுவலகம் திறந்தவுடன் வாடகைத் தகராறு, வேலைநீக்கம், கடன் என அன்றாட வழக்குகள் வந்து குவிந்தன. சட்டத்தையே மாற்றும் பெருவழக்குகளுக்கு நேரமும் அனுபவமும் போதவில்லை. இன்னொரு பக்கம், பணம் கொடுத்தவரின் கை நீண்டது. டெக்சஸின் தீவிர இளைஞர் இயக்கங்களோடு நெருக்கம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது; ஃபோர்டு அறக்கட்டளை அரசியல் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. விளைவாக 1970இல் தலைமையகம் சான் அன்டோனியோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறியது. பொறுப்பு டிஹெரினாவிடமிருந்து மாரியோ ஒப்லெடோவிடம் சென்றது. கொடையால் வளரும் எந்த இயக்கமும் இவ்விலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

1973இல் தலைமையேற்ற வில்மா மார்ட்டினஸுக்கு அப்போது வயது 29. சான் அன்டோனியோவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற அவர், கிரீன்பெர்க்கின் அமைப்பில் தொழில் கற்றவர். சேம்பர்ஸை உருவாக்கிய அதே பட்டறையின் மாணவி. அவர் காலத்தில் மால்டெஃப் வழக்குகளைத் தேர்ந்தெடுத்து நடத்தியது. 1975இல் வாக்குரிமைச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது, ஆங்கிலம் அறியாத வாக்காளரின் பாதுகாப்பும் அதில் சேர அவ்வமைப்பு பெரிதும் உழைத்தது. அன்று ஸ்பானிய மொழியினரை முன்னிறுத்திப் பெற்ற அத்திருத்தத்தின் பயனாகவே, இன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வங்க மொழியிலும் வாக்குச்சீட்டு அச்சாகிறது.

தோல்வியும் உண்டு. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியில் ஒரு மாணவருக்கு 356 டாலரும், அதே நகரின் செல்வப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 594 டாலரும் செலவிடப்பட்டதை எதிர்த்து டிமெட்ரியோ ரோட்ரிகஸ் முதலிய பெற்றோர் 1968இல் தொடுத்த வழக்கு, 1973இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி, கூட்டரசின் அரசமைப்பு காக்கும் அடிப்படை உரிமையன்று என்றது பெரும்பான்மை. மால்டெஃப் 1984இல் அதே எட்ஜ்வுட்டுக்காக மாநில அரசமைப்பின்கீழ் புதிய வழக்கைத் தொடுத்தது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ஏற்றது. இருபது ஆண்டுகள் ஒரே ஊரின் பள்ளிக்கூடத்தை விடாது பற்றிநிற்கத் தனி வழக்கறிஞரின் ஆயுள் போதாது. பயிற்சி பெற்று வழிவழியாக வரும் ஆள்கள் வேண்டும்.

மிகப் பெரிய வெற்றி டைலர் நகரத்தில் தொடங்கியது. ஆவணமின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்கான கல்விச் செலவை ஏற்க 1975இல் டெக்சஸ் மறுத்தது. 1977இல் டைலர் பள்ளி நிர்வாகம் அப்பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. நான்கு குடும்பங்கள் மால்டெஃபின் துணையோடு வழக்காட முன்வந்தன. நாடு கடத்தப்படலாம் என்ற அச்சத்தில், தட்டுமுட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டே நீதிமன்றம் வந்தவர்கள் அவர்கள். நீதிபதி வில்லியம் வேன் ஜஸ்டிஸ் அவர்களைக் காக்கும்பொருட்டு விசாரணையை அதிகாலையில் வைத்தார். மனுவில் 'டோ' என்ற புனைபெயர் மட்டுமே. 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. சமப் பாதுகாப்புக் கூறு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'ஆள்' என்றே சொல்கிறது என்பது அத்தீர்ப்பின் அடித்தளம். அன்று முதல் எண்ணற்ற பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றது ஒரே ஒரு வாக்கின் வேறுபாட்டால்.

கிழக்குக் கரையிலும் இதே கதை நிகழ்ந்தது. 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களான போர்ட்டோ ரிக்கர்கள் நியூயார்க் பள்ளிகளில் புரியாத மொழியில் பாடம் கேட்டனர். ஹோர்ஹே பட்டிஸ்டா, விக்டர் மரேரோ, செசார் பெராலஸ் என்னும் மூன்று இளம் வழக்கறிஞர்கள் 1972இல் போர்ட்டோ ரிக்கச் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியத்தை நிறுவினர். இன்று அது லத்தீனோ ஜஸ்டிஸ். அவர்கள் நடத்திய வழக்கின் விளைவாக 1974இல் நியூயார்க் நகரம் இருமொழிக் கல்விக்கு உடன்பட்டது. 1980 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அந்நிதியத்தின் இயக்குநர் குழுவில் இருந்த சோனியா சோட்டோமேயர், 2009இல் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். நியமன விசாரணையில் அந்தப் பணியைக் குறித்தே செனட் உறுப்பினர்கள் அவரைக் கேள்வி கேட்டனர்.

இன்று கேள்விக்குள்ளாகியிருப்பது ஃபெலோஷிப் என்னும் ஏற்பாடே. 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. சில வாரங்களில், சிறுபான்மைச் சட்ட மாணவர்களுக்கென ஃபெலோஷிப் நடத்திய இரண்டு பெரிய சட்ட நிறுவனங்கள்மீது வழக்குகள் தொடரப்பட்டன. நிறுவனங்கள் தகுதி விதிகளை மாற்றின, வழக்குகள் கைவிடப்பட்டன. 2024இல் அமெரிக்க லத்தீனோ தேசிய அருங்காட்சியகத்தின் மாணவர் பயிற்சித் திட்டமும் இவ்வாறே வழக்குக்கு உள்ளாகிச் சமரசத்தில் முடிந்தது. எதிர்ப்போரின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது: சமப் பாதுகாப்பைக் கோரியே வளர்ந்த இயக்கம், வம்சாவளி பார்த்து வாய்ப்பளிக்கலாமா? ஆதரிப்போர் எண்களைக் காட்டுகின்றனர்: 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் லத்தீனோக்கள் ஏறத்தாழ 19 விழுக்காடு, வழக்கறிஞருள் அவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடே.

இவ்விவாதத்தில் வரலாறு இருபக்கமும் சாட்சி சொல்கிறது. மெண்டெஸ் வழக்கை நடத்திய மார்கஸ், ஆவணமின்றிக் குடியேறியோரின் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட பீட்டர் ரூஸ், பீட்டர் ஷே ஆகியோர் லத்தீனோக்கள் அல்லர். அச்சமூகத்தின் உரிமைக்கு உழைக்க உறுதிகொண்ட எவருக்கும் உதவித்தொகை என்ற விதிக்குப் பல திட்டங்கள் மாறியிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே வேளையில், எட்னா நீதிமன்றத்தின் பலகையை வாதமாக மாற்றியவர்கள் அம்மொழியை அறிந்தவர்கள். ஜோர்டன்டன் பட்டியலில் இருந்த பெயருக்குரியவர் உயிரோடு இல்லை என்று கண்டறிந்தவர் அம்மக்களிடையே வாழ்ந்தவர். விதியின் சொற்கள் எப்படி மாறினாலும், ஊரை அறிந்த, மொழியை அறிந்த, கடன்சுமையால் வேறு வேலைக்கு ஓடாத இளம் வழக்கறிஞர் அந்த நீதிமன்றத்துக்கு வந்து சேர்கிறாரா என்பதே அளவுகோல். 1954இன் தீர்ப்பு செயல்படக் காத்திருந்தது அத்தகைய ஆளுக்காகத்தான். 1982இன் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு உள்ளாக்க வேண்டும் என்ற குரல் இன்று சில மாநிலங்களில் வலுத்து வருகிறது. அதைக் காத்து வாதிட வேண்டியவர், இந்நேரம் ஏதோவொரு சட்டக் கல்லூரியில் கோடை விடுமுறைக்குப் பணம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கும் மாணவராக இருக்கலாம்.